மேலுதட்டில் பஞ்சு

"நல்லாத்தான் பாடுது. ஆனா அது பாடுறப்போ எனக்குத் தொண்டை வலிக்குது."

கல்யாண மண்டபத்தில், கை கழுவும் தொட்டிக்கு முன்னால் நின்ற ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் சொன்னாள்.

"உனக்குமா? நான் நேத்துச் சாப்பிட்ட ஐஸ்கிரீம்னுல்லா நெனச்சேன்."

இருவரும் சிரித்தார்கள். முதலில் பேசியவள் குழாயை மூடினாள். அந்தக் கையில் பச்சைக் கல் வளையல் இருந்தது. முகத்தைத் திருப்பாமலே இருவரும் போய்விட்டார்கள்.

அவர்களுக்குப் பின்னால், சாப்பிட்ட கையோடு நின்றுகொண்டிருந்தாள் சௌதாமினி.

சற்று முன்புவரை மேடையில் பாடியவள் அவள்தான். பட்டுச் சேலையைக் களைந்து நூல் சேலைக்கு மாறியிருந்ததால் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

அவள் கையைக் கழுவினாள். பிறகு மறுபடியும் கழுவினாள்.

*

சௌதாமினிக்குப் பாடும்போது தொண்டை வலித்ததே இல்லை.

காய்ச்சலோடு பாடியிருக்கிறாள். மகன் பிறப்பதற்கு முந்தின வாரம் பாடியிருக்கிறாள். ஒருமுறைகூடக் குரல் கம்மியதில்லை.

ஊருக்குத் திரும்பியதும் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனாள்.

அவர் குழாய் விட்டுப் பார்த்தார். "கண்ணாடி மாதிரி இருக்கு. என்ன தொந்தரவு?"

"வலி."

"எங்கே?"

"எனக்கு இல்ல. கேக்கறவங்களுக்கு."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். சிரிக்கலாமா என்று யோசிப்பது தெரிந்தது. சிரிக்கவில்லை. மருந்துச் சீட்டில் ஒரு முகவரியை எழுதினார்.

"அங்கே யூனிஸ்னு ஒரு பொண்ணு இருக்கு. இந்த மாதிரிதான் ஏதோ பண்ணிட்டிருக்கு."

சௌதாமினி தன்னுடைய வயலின்காரர் பரமசிவத்துக்கு ஃபோன் செய்தாள்.

"ஒத்துக்கிட்டதெல்லாம் வேண்டாம்னு சொல்லிடுங்க. காரணம் தெரியாம இனிமே மேடை ஏறமாட்டேன்."

பரமசிவம் டைரியைப் புரட்டுவது கேட்டது.

"தெரிஞ்சுட்டா ஏறுவீங்களா?" என்றார்.

*

தூத்துக்குடி சாலையில் ஒரு கல்லூரி. அதன் பின்பக்கக் கட்டடத்தில், வாசலில் 'டாக்டர் யூனிஸ்' என்ற பலகையோடு அவளுடைய ஆய்வுக்கூடம் இருந்தது. சுவர்களில் நுரைப்பஞ்சு ஒட்டிய அறை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் தன் இதயத்துடிப்பே காதில் விழும்.

யூனிஸுக்கு முப்பது வயது இருக்கலாம். சௌதாமினியைவிடப் பதினைந்து, பதினாறு வயது இளையவள். காலில் ரப்பர் செருப்பு.

"நீங்க பாடுவீங்களா?" சௌதாமினி முதலில் கேட்டது அதைத்தான்.

"இல்லக்கா. சர்ச்சுல நான் பாட ஆரம்பிச்சா பக்கத்துல உள்ளவங்க தள்ளி உக்காந்துருவாங்க."

"பாடத் தெரியாம பாட்டைப் பத்தி எப்படி ஆராய்ச்சி பண்றீங்க?"

"பாட்டைப் பத்தி இல்ல. பாட்டு நடக்கிறப்போ உடம்பு என்ன பண்ணுதுன்னு."

"யார் உடம்பு?"

யூனிஸ் அவளை நிமிர்ந்து பார்த்தாள். முதல்முறையாகப் பிடித்துப்போன மாதிரி பார்த்தாள்.

"உக்காருங்கக்கா."

சௌதாமினி நடந்ததைச் சொன்னாள். கை கழுவும் தொட்டி. பச்சைக் கல் வளையல். ஐஸ்கிரீமைக்கூட விடவில்லை.

யூனிஸ் அலமாரியிலிருந்து இரண்டு பட்டைகளை எடுத்தாள். ஒன்று மார்பைச் சுற்றிக் கட்டுவது. இன்னொன்று வயிற்றைச் சுற்றி. மூச்சு ஏறி இறங்கும்போது பட்டை விரிந்து சுருங்கும். அது திரையில் கோடாக ஓடும்.

சௌதாமினி கைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றாள்.

யூனிஸ் பட்டைகளைத் தனக்குக் கட்டிக்கொண்டாள்.

"டாக்டர், பாடப்போறது நான்."

"தெரியும்க்கா."

"அப்போ எனக்குத்தானே கட்டணும்?"

"யாருக்கு வலிக்குதோ அவங்களுக்குக் கட்டலாம்னு பாத்தேன்."

சௌதாமினி கைகளைக் கீழே இறக்கினாள்.

*

தம்புராப் பெட்டியை முடுக்கிவிட்டு அவள் பாடினாள். மெதுவான பாட்டு. நீளமான அடிகள். அவள் பெயர் வாங்கியதே அந்த மாதிரிப் பாட்டுகளில்தான்.

எதிர் நாற்காலியில் யூனிஸ் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

முடிந்ததும் இருவரும் திரையைப் பார்த்தார்கள்.

ஆரம்பத்தில் கோடு கடலலைபோல ஏறி இறங்கியது. பாட்டுத் தொடங்கிய இடத்தில் ஓர் அலை ஏறியது. இறங்கவில்லை. அப்படியே நின்றது. வெகுதூரம் போய், நடுங்கி, பொத்தென்று விழுந்தது. மறுபடியும் ஏறியது. மறுபடியும் நின்றது.

"இது என் மூச்சா?"

"என் மூச்சு."

"உங்களுக்கு ஆஸ்துமா இருக்கா?"

"இல்லக்கா."

"நீங்க வேணும்னே மூச்சைப் பிடிச்சீங்க."

"பிடிச்சேன்னு இதப் பாத்துத்தான் எனக்கே தெரியும்."

சௌதாமினி நம்பவில்லை. "வேற ஆளை வச்சுப் பாக்கணும். பாட்டே பிடிக்காத ஆளா இருந்தா நல்லது."

அன்று அந்தக் கட்டடத்தில் ஏசி பழுதுபார்க்கச் செல்லையா என்பவர் வந்திருந்தார். உதிரிப் பாகம் வருவதற்காகக் காத்திருந்தார். அவரை அழைத்துவந்து பட்டை கட்டினார்கள்.

"இந்தப் பாட்டெல்லாம் எனக்கு ஆகாதும்மா," என்றார் அவர்.

"நீங்க கேக்கவே வேண்டாம்ணே. ஃபோன் பாருங்க," என்றாள் யூனிஸ்.

அவர் ஃபோனில் சத்தமில்லாமல் கிரிக்கெட் பார்த்தார். சௌதாமினி பாடினாள். அவர் ஒருமுறைகூட நிமிரவில்லை.

திரையில் அலை ஏறியது. நின்றது. நடுங்கியது. விழுந்தது.

"நான் கேக்கவே இல்லையே," என்றார் செல்லையா. திரையைப் பார்த்து அவருக்கே சங்கடமாகிவிட்டது. "சத்தியமா மேட்சுதான் பாத்தேன்."

பட்டையை அவிழ்க்கும்போது தொண்டையைச் செருமினார். "குடிக்கத் தண்ணி இருக்காம்மா?"

சௌதாமினி எழுந்து அறையைவிட்டு வெளியே போனாள்.

*

மறுவாரமும் வந்தாள்.

"என்ன செய்யணும்னு சொல்லிடுங்க. செஞ்சுடறேன்."

"தெரியலக்கா."

"நீங்கதானே கண்டுபிடிச்சீங்க?"

"அளந்தேன். அவ்வளவுதான். இதுவரைக்கும் யாரையும் திருத்தினதில்ல."

"பின்னே நான் எதுக்கு வரணும்?"

"அது எனக்கும் யோசனையாத்தான் இருக்கு," என்றாள் யூனிஸ். "இன்னைக்கு வந்ததுக்கு இதைக் கேட்டுட்டுப் போங்க."

பட்டைகளைச் சௌதாமினிக்குக் கட்டினாள். காதில் கருவியை மாட்டிவிட்டாள்.

ஒரு தேவாலயத்தில் சபை முழுவதும் சேர்ந்து பாடிய பதிவு அது. சௌதாமினியின் முகம் போன போக்கை யூனிஸ் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுருதியே சேரலை."

"ஆமாக்கா."

"ரெண்டு பேர் முந்திட்டுப் போறாங்க. ஒருத்தர் அடியில எங்கேயோ தனியாப் போய்ட்டிருக்கார்."

"அது எங்க அப்பா."

சௌதாமினி நாக்கைக் கடித்துக்கொண்டாள். பதிவு ஓடி முடிந்தது. யூனிஸ் திரையை அவள் பக்கம் திருப்பினாள்.

அலை. அலை. அலை. சபை ஓர் அடியை முடித்து, எல்லாரும் ஒன்றாக மூச்சை இழுத்து, அடுத்த அடியைத் தொடங்கிய ஒவ்வோர் இடத்திலும் சௌதாமினியின் வயிறும் விரிந்திருந்தது.

அவள் நெடுநேரம் அதைப் பார்த்தாள்.

"என் வயித்துக்கு விவஸ்தையே இல்லை," என்றாள்.

யூனிஸ் சிரித்தாள். பிறகு அவளுடைய பதிவு ஒன்றையே அவளுக்குப் போட்டாள். கடைசியாகப் பாடிய கச்சேரி. அதே மெதுவான பாட்டு.

சௌதாமினி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். சுருதி ஓரிடத்திலும் விலகவில்லை. ஒரு சங்கதியும் பிசகவில்லை. அவளால் அதில் ஒரு குறையும் சொல்லமுடியவில்லை.

பாட்டு முடிந்தபோது அவள் கை தானாகக் கழுத்துக்குப் போனது.

யூனிஸ் தண்ணீர்ப் பாட்டிலை நகர்த்தி வைத்தாள். திரையைத் திருப்பவில்லை.

சௌதாமினியும் திருப்பச் சொல்லவில்லை.

*

அதற்கடுத்த முறை யூனிஸ் பொட்டு அளவுக் கருவி ஒன்றை அவளுடைய தொண்டைக்குழிக்குப் பக்கத்தில் ஒட்டினாள். காதுக்குக் கேட்காததும் அதற்குக் கேட்கும் என்றாள்.

சௌதாமினி பாடினாள்.

யூனிஸ் கணினிமுன் உட்கார்ந்து ஏதோ வெட்டினாள், ஒட்டினாள். சௌதாமினி இரண்டு காப்பி குடிக்கும்வரை அது நடந்தது.

"இப்போ கேளுங்க."

ஒலிபெருக்கியில் பாட்டு இல்லை. தம்புராவும் இல்லை.

ஒரு சிறிய உறிஞ்சல். மௌனம். இன்னொரு சிறிய உறிஞ்சல். பாதியில் நறுக்கின மாதிரி. மௌனம். இன்னொன்று.

"யாரு இது?" என்றாள் சௌதாமினி.

யூனிஸ் ஒலியைக் கொஞ்சம் கூட்டினாள்.

"யாரோ பீரோவுக்குப் பின்னால ஒளிஞ்சுட்டிருக்கிற மாதிரி இருக்கு. நாம இருக்கிறது தெரிஞ்சுடக் கூடாதுன்னு."

உறிஞ்சல். மௌனம்.

"பாட்டை எடுத்துட்டேன்க்கா," என்றாள் யூனிஸ். "மிச்சம் உங்க மூச்சு. இதுதான்."

சௌதாமினி ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யார்கிட்டேருந்து ஒளியறீங்க?" என்று யூனிஸ் கேட்டாள். ஆய்வுக்கான கேள்விபோல, சாதாரணமாகக் கேட்டாள்.

சௌதாமினி கைப்பையைத் திறந்தாள். அதிலிருந்து பழைய விபூதி டப்பா ஒன்றை எடுத்தாள். உள்ளே விபூதி இல்லை. கொஞ்சம் பஞ்சு இருந்தது.

ஒரு துணுக்கைப் பிய்த்து, எச்சில் தொட்டு, மேலுதட்டில் ஒட்டிக்கொண்டாள். மூக்குக்கு நேர்கீழே அதன் நுனி தொங்கியது.

அப்படியே பாடினாள். ஓரடி. இரண்டடி. நடுவில் மூச்சு எடுத்திருக்கவேண்டும். பஞ்சு ஆடவில்லை.

"எங்க வாத்தியார் இப்படித்தான் ஒட்டிவிடுவார்," என்றாள். "சமைக்கிறவ அடுக்களைச் சத்தத்தைப் பந்திக்குக் கொண்டுவரலாமா, மூச்சு எடுக்கிறது வெளியே தெரியலாமான்னு கேப்பார்."

"ஆடினா அடிப்பாரா?"

"சேச்சே. கை ஓங்கினதே இல்ல. எழுந்து போயிடுவார்."

"எங்க?"

"தெரியாது. செருப்பு மாட்டிட்டுப் போறது மட்டும் கேக்கும். நான் அந்தக் கூடத்துலயே உக்காந்திருப்பேன். சாயங்காலம் வருவார். முதல்லேருந்து ஆரம்பிப்பார்." அவள் பஞ்சை எடுத்தாள். "ஒன்பது வயசு எனக்கு. எழுந்திருக்கலாமா கூடாதான்னுகூடத் தெரியாது."

"இப்பவும் வச்சுப் பாப்பீங்களா?"

"ஒவ்வொரு கச்சேரிக்கும் முன்னாடி."

"ஆடுமா?"

"அவர் போய்ச் சேந்தே இருபது வருஷம் ஆச்சு. இன்னும் ஆடினதில்ல." அதைச் சொன்னபோது அவள் முதுகு நிமிர்ந்தது. "ஒரு பத்திரிகையில எழுதினான். இவர் எங்கே மூச்சு வாங்குகிறார் என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லைன்னு. வீட்டுல சட்டம் போட்டு மாட்டியிருக்கேன்."

யூனிஸ் கையை நீட்டினாள். "எனக்குக் கொஞ்சம் குடுங்க."

பஞ்சை வாங்கி, எச்சில் தொட்டு, தன் மேலுதட்டில் ஒட்டினாள். கையை எடுத்ததுமே அது பறந்து மேசைக்கடியில் விழுந்தது.

குனிந்து எடுத்து மறுபடி ஒட்டினாள். மறுபடி பறந்தது.

"நிக்கவே மாட்டேங்குது," என்றாள்.

"டாக்டர், நீங்க மூச்சு விடறீங்க."

"ஆமாக்கா," என்றாள் யூனிஸ். "ரொம்ப நாளா."

*

"சரி, எடுத்துட்டாப் போச்சு," என்றாள் சௌதாமினி. "நாலு பேருக்குத் தெரியறாப்ல மூச்சு எடுத்துட்டா ஆச்சு. அதானே?"

யூனிஸ் பட்டைகளைத் தனக்குக் கட்டிக்கொண்டாள்.

சௌதாமினி பாடினாள். அடி முடிந்த இடத்தில் வாயைத் திறந்து சத்தமாக இழுத்தாள். தண்ணீருக்குள்ளிருந்து வெளியே வந்தவள்போல இருந்தது. அடுத்த அடியை இரண்டு அட்சரம் தள்ளி எடுத்தாள். மறுபடி இழுத்தாள். இருமல் வந்துவிட்டது.

திரையில் யூனிஸின் கோடு தாறுமாறாகக் கிடந்தது.

"பயந்துட்டேன்க்கா," என்றாள் யூனிஸ்.

"நானும்தான்."

மறுபடி முயன்றாள். மறுபடியும். நான்காவது தடவை பாதியில் நிறுத்தினாள்.

"இது பாட்டே இல்ல. மாடிப்படி ஏறிட்டு வந்த மாதிரி இருக்கு."

யூனிஸ் திரையை அணைத்தாள்.

"உங்களுக்கென்ன, கோடு ஒழுங்கா ஏறி இறங்கினாப் போதும். நான் சின்ன வயசுலேருந்து இதுக்காகத்தான் உக்காந்திருக்கேன். என்னை மாதிரி பாடறவங்க ஆயிரம் பேர் இருக்காங்க டாக்டர். என்னை மாதிரி மூச்சை மறைக்கிறவ நான் ஒருத்திதான். அதையும் விட்டுட்டா, அப்புறம் சௌதாமினின்னு எதைச் சொல்லுவாங்க?"

யூனிஸ் பட்டையை அவிழ்த்துச் சுருட்டினாள்.

"கேட்டா பதில் சொல்லமாட்டீங்களா?"

"அதை அளக்க என்கிட்ட கருவி இல்லக்கா."

சௌதாமினி டப்பாவை மூடிக் கைப்பையில் போட்டாள். போய்வருகிறேன் என்று சொல்லாமல் போனாள்.

அதன் பிறகு வரவில்லை. யூனிஸும் கூப்பிடவில்லை.

*

அந்தக் கல்யாண மண்டபத்தில் வருடாவருடம் இசைவிழா நடத்தும் குழுவின் செயலாளர் கூப்பிட்டார்.

"போன வருஷம் மாதிரியே முதல் நாள் உங்களுக்குத்தாம்மா. எல்லாரும் கேக்கறாங்க."

எல்லாரும் என்றால் யார் யார் என்று அவள் கேட்கவில்லை.

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. அந்த வருடம் முழுக்க அவள் எங்கும் பாடியிருக்கவில்லை. காலையில் சுருதிப் பெட்டியை முடுக்குவாள். கொஞ்சநேரம் அதை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்துவாள். பால்காரர் மாடிப்படி ஏறி வருவதை, பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கொட்டாவி விடுவதை, குக்கர் விசிலுக்கு முன்னால் இழுப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். மகன் தூங்கும்போது அவன் அறை வாசலில் நின்றாள். தன் மூச்சு அவன் மூச்சோடு போய்ச் சேர்ந்துகொண்டதைப் பார்த்தாள்.

செயலாளர் மறுபடி கூப்பிட்டபோது, "நோட்டீஸ்ல போட்டுக்கோங்க," என்றாள்.

பிறகு யூனிஸுக்கு ஒரு செய்தி அனுப்பினாள். தேதி, இடம், நேரம். வேறொன்றும் எழுதவில்லை.

*

மேடைக்குப் பக்கத்து அறையில் பரமசிவம் வயலினுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்.

"காரணம் தெரிஞ்சுதா?" என்றார்.

"தெரிஞ்சுது."

"அப்போ சரி."

"சரியில்ல."

அவர் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு முறுக்காணியைத் திருகினார். "நான் வழக்கம்போலத்தானே? நீங்க விடற இடத்துல நான் வந்து மூடிடவா?"

அவள் மூச்சு எடுக்கும் இடங்களெல்லாம் அவருக்குத் தெரியும். அந்த இடங்களில் வில்லை ஓங்கி இழுத்துவிடுவார். இருபத்தைந்து வருடப் பழக்கம். அதைப்பற்றி இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. இன்றுதான் அவர் வாயிலிருந்து வந்தது.

சௌதாமினி கைப்பையிலிருந்து விபூதி டப்பாவை எடுத்தாள். பஞ்சைக் கிள்ளி மேலுதட்டில் ஒட்டினாள். கண்ணை மூடி, வாய்க்குள்ளேயே ஓரடி பாடினாள்.

பஞ்சு ஆடவில்லை.

பரமசிவம் வில்லை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

*

முதல் மூன்று பாட்டும் எப்போதும்போலப் போயின. கைதட்டினார்கள்.

நான்காவதாக அந்த மெதுவான பாட்டை எடுத்தாள்.

எப்போதும் அதைக் கண்ணை மூடிக்கொண்டுதான் பாடுவாள். இன்றைக்கு மூடவில்லை.

முதல் அடி நீண்டுகொண்டே போனது. குரல் ஒரு நூலைப்போல மண்டபத்துக்குள் இறங்கியது. ஒரு பிசிறு இல்லை.

முதல் வரிசையில் விசிறிக்கொண்டிருந்த பெரியவரின் கை நடுவில் நின்றது.

அவருக்குப் பின்னால் ஓர் ஆள் வெற்றிலையை வாயருகே கொண்டுபோனவர், அப்படியே வைத்திருந்தார்.

தூணோரத்தில் ஒரு தாய் மடியில் இருந்த குழந்தையைத் தட்டுவதை நிறுத்தியிருந்தாள்.

மூன்றாவது வரிசையில் ஒரு கை மெல்ல எழுந்து கழுத்தைத் தொட்டது. அதில் பச்சைக் கல் வளையல் இருந்தது. அந்த முகத்தைச் சௌதாமினி அன்றுதான் பார்த்தாள். வட்டமான, சாதுவான முகம். வலிப்பதே தெரியாமல் அந்த முகம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

கடைசி வரிசையில் யூனிஸ் இருந்தாள். பட்டை இல்லை, திரை இல்லை. அவள் தோள்கள் உயர்ந்து, அப்படியே நின்றிருந்தன.

மண்டபத்தில் ஒருவரும் அசையவில்லை.

இரண்டாவது அடி வந்தது. அதன் நடுவில்தான் அந்த இடம். யாருக்கும் தெரியாமல் ஒரு துளி உறிஞ்சிக்கொண்டு குரல் அறுபடாமல் மேலே போய்விடுகிற இடம்.

பரமசிவத்தின் வில் தயாராக உயர்ந்தது.

சௌதாமினி தொடையில் தாளம் போட்ட கையைத் தூக்கி, அவர் பக்கம் காட்டினாள். வில் அந்தரத்தில் நின்றது.

அவள் பாட்டை நிறுத்தினாள்.

தம்புரா மட்டும் போய்க்கொண்டிருந்தது.

சௌதாமினி முகத்தைத் திருப்பாமல், மைக்குக்கு நேராக வாயைத் திறந்து, தோள்கள் உயர, மண்டபம் முழுவதற்கும் கேட்கும்படி மூச்சு எடுத்தாள்.